புது அரிசிக் கஞ்சி

நவம்பர் 18, திங்கள்

இரண்டு மணி நேரம் மணல் சலித்தேன். அரிசிச் சல்லடையில் விழ வேண்டும், ரவைச் சல்லடையில் தங்க வேண்டும். அந்த அளவு மணல்தான் குழாய்க்குள் போகலாம். பெரிசானால் அசையாமல் படுத்துக்கொள்ளும். சிறிசானால் ஓட்டத்தோடு ஓடிவிடும். பதினோரு கிலோவில் நாலு கிலோதான் தேறியது. மூக்கு, காது, தலைமயிர் எல்லாம் தூசி.

இரண்டு சல்லடையும் இனிமேல் சமையலுக்கு ஆகாது என்றேன். "புதுசா வாங்கிக்கோயேன்" என்றார் இவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். என்ன பெரிய மனசு! கெமிக்கல் எஞ்சினீயரிங் படித்து முடித்து இருபத்தொன்பது வருஷம் கழித்து எனக்குக் கிடைத்திருக்கும் வேலை இது. புரொபசர் ராஜகோபாலனின் மனைவி ஜானகி, மணல் சலிப்பவள்.

நவம்பர் 21

மந்தைவெளியில் சண்முகசுந்தரத்தின் சமையற்கூடத்துக்கு இவரோடு போனேன். நந்தனத்து ஆபீஸ்களுக்கும் அடையாறு ஹாஸ்டல்களுக்கும் இங்கிருந்துதான் சாப்பாடு போகிறது. தினம் பத்து அண்டா சாதம் வடிக்கிறார்கள். வடித்த கஞ்சி கொதிக்கக் கொதிக்கச் சாக்கடைக்குப் போகிறது. பக்கத்து அடுப்பிலேயே பச்சைத் தண்ணீரை காஸில் சுடவைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சூட்டைப் பிடுங்கி இந்தத் தண்ணீருக்குக் கொடுப்பதுதான் இவருடைய திட்டம். "இவருடைய" என்று எழுதிவிட்டேன் பார்.

இவருடைய ஆராய்ச்சி மாணவன் அச்யுத் லேப்டாப்பில் படம் காட்டி அரை மணி நேரம் விளக்கினான். சண்முகசுந்தரம் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க மேடம். தம்பி சொல்றது ஒண்ணும் பிரியல."

"கஞ்சியைக் குழாயில விட்டா உள்ளே ஆடை படியும் சார். நாலு நாள்ல சூடு கடக்காது, பத்து நாள்ல குழாயே அடைச்சுக்கும். அதனால குழாய்க்குள்ள மணலைப் போட்டு, கஞ்சியைக் கீழேர்ந்து மேலே அனுப்பறோம். உலை கொதிக்கறச்சே அரிசி எப்படிக் குதிக்கறது? அந்த மாதிரி மணல் குதிச்சுண்டே இருக்கும், உள்பக்கத்தைச் சுரண்டிண்டே இருக்கும். ஆடை படியாது. வெளிப்பக்கம் பச்சைத் தண்ணி ஓடி, சூட்டை வாங்கிண்டு போயிடும்."

"அவ்ளோதானா? இத்த மொதல்லயே சொல்லலாம்ல!" என்று சிரித்தார் அவர்.

இவர் சிரிக்கவில்லை. ஆட்டோவில் ஏறின பிறகு சொன்னார்: "நர்சரி ஸ்கூல் டீச்சராப் போயிருக்கலாம் நீ. நன்னா வருது."

நவம்பர் 29

ஓடியது! சின்ன மெஷின்தான், நாலே குழாய். பட்டறைக்காரர் ஷரஃபுதீன் பாய் என் காலேஜ் நோட்டிலிருந்த டிராயிங்கை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு அப்படியே செய்திருக்கிறார். குழாய்களுக்கு மேலே அகலமாக ஒரு குண்டான். குழாயில் விறுவிறுவென்று ஏறி வருகிற கஞ்சி குண்டானுக்குள் வந்ததும் வேகம் தணியும். கூட வந்த மணல் அங்கே கைவிடப்பட்டு மறுபடி குழாய்க்குள்ளேயே விழும். தொண்ணூற்றைந்தில் ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து யோசித்த விஷயம். டிராயிங்கின் மூலையில் "வ. ஜானகி" என்று அந்தக் காலத்துக் கையெழுத்து, வாலெல்லாம் சுழித்து.

முப்பது டிகிரியில் போன தண்ணீர் ஐம்பத்தேழில் வந்தது. சாதம் வடிக்கிற தேவானை விரலை விட்டுப் பார்த்துவிட்டு "ஏ... சுடுதும்மா!" என்று கத்தினாள். அந்த அண்டாக்களை ஒற்றை ஆளாகச் சாய்த்து வடிக்கிறவள். கை ஒவ்வொன்றும் உலக்கை. "நீ போட்ட படமாமே? பாய் சொன்னாரு" என்று என் தோளில் ஈரக்கையை வைத்தாள். புடவை நனைந்தது. பரவாயில்லை என்று இருந்தது.

டிசம்பர் 13, வெள்ளி

கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

பேட்டன்ட் விண்ணப்பம் மேஜைமேல் கிடந்தது. கண்டுபிடித்தவர்கள்: ராஜகோபாலன், அச்யுத். "என் பேர்?" என்றேன். விளையாட்டாகக் கேட்பதாகத்தான் உத்தேசம். குரல் காலை வாரிவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்த அச்யுத் மோர்க்குழம்பு சாதத்தில் வைத்த கையை எடுக்கவில்லை. இவர் கண்ணாடியைக் கழற்றி வேஷ்டித் தலைப்பில் துடைத்தார். துடைக்க ஆரம்பித்தாலே எனக்குத் தெரியும், வரப்போகிறது என்று.

"சல்லடை பிடிச்சவாளுக்கெல்லாம் பேர் போடணும்னா, மணல் கொண்டுவந்த லாரிக்காரனுக்கும் போடணும். இல்லையாடா அச்யுத்?"

"டிராயிங் என்னோடது. அந்தக் குண்டான் என்னோடது. தொண்ணூத்தஞ்சுல..."

"தொண்ணூத்தஞ்சுல நீ என்னென்னவோ கிறுக்கினே. வேலைக்குப் போய் நாலு மாசம் தாக்குப்பிடிக்க முடிஞ்சுதா உன்னால? ரசம் போடு."

அச்யுத் சிரித்தான். பயத்தில்தான் சிரித்தான், தெரியும். ஆனாலும் சிரித்தான். அந்த நாலாவது மாசம் வேலையை விடச் சொன்னது யார் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. ரசம் போட்டேன். அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. போட்டேனே!

டிசம்பர் 14

இனிமேல் அந்த மெஷினைப் பற்றி, கேட்டால் ஒழிய வாய் திறப்பதில்லை. இவராவது கேட்கவாவது. சௌகரியம்.

ஜனவரி 6

பெரிய மெஷின் பட்டறையில் தயாராகிறது. மணல் மூட்டையோடு என்னையும் கூட்டிப்போனார். சமையற்கூடத்தில் புகைக்கூண்டு தாழ்வாக இருக்கிறதாம், மெஷின் இடிக்குமாம். "மேல இருக்கற குண்டானை எடுத்துடுங்கோ, பாய். ஒண்ணரை அடி மிச்சம்" என்றார்.

பாய் தயங்கினார். "மேடம் படத்துல இருக்குதே சார். சின்னதுலயும் வெச்சோம். எடுத்துட்டா மணல் வெளிய வராதா?"

"ஓட்டத்தைக் கணக்குப் பண்ணி வெச்சிருக்கேன். வராது."

பாய் என்னைப் பார்த்தார். "மேடம், நீங்க இன்னா சொல்றீங்க?"

"அவளை என்ன கேக்கறேள்? நான்தானே சொல்லிண்டிருக்கேன்."

சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. அதைப் பார்த்தபடி சொன்னேன்: "சார் சொல்றபடி பண்ணுங்கோ பாய்."

ஜனவரி 9

பெரிய மெஷின் சமையற்கூடத்தில் குண்டான் இல்லாமலே ஓடுகிறது. ஒரு மணல் மணிகூட வெளியே வரவில்லை. வரவே வராதா என்று அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "பார்த்தியா? முப்பது வருஷமா எதைக் கட்டிண்டு அழுதியோ, அது அநாவசியம்" என்றார் காதருகில் வந்து. யாருக்கும் கேட்காமல், எனக்கு மட்டும். அப்படிச் சொல்வதில் அவருக்கு ஒரு ருசி.

உண்மைதானோ? அநாவசியம்தானோ? நாள் முழுக்க அதே நினைவு. அழுதேன், குக்கர் சத்தத்தில்.

ஜனவரி 14, பொங்கல்

புது அரிசி. பானை பொங்கியது. "பொங்கலோ பொங்கல்" என்று நான் ஒருத்திதான் சொன்னேன், இவர் போனில் இருந்தார். வழிந்த நுரை பானை வெளிப்புறத்தில் இறங்காமல் பசை மாதிரி அப்படியே நின்றது. கரண்டியால் வழித்தேன். வழிக்க வழிக்க நூலாக இழுத்தது.

அப்போதுதான் உறைத்தது. கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். இவர் கணக்குப் போட்டது கார்த்திகை, மார்கழி மாசத்துக் கஞ்சிக்கு. பழைய அரிசிக் கஞ்சிக்கு. தண்ணீர் மாதிரி இருக்கும் அது. புது அரிசி குழையும், கஞ்சி கெட்டியாக வரும். இது எந்தப் புஸ்தகத்திலும் இல்லை. ஒரு நாளாவது உலை வைத்தவர்களுக்குத் தெரியும். ஐம்பத்தெட்டு வயசில் இந்த மனுஷன் ஒரு நாளாவது உலை வைத்ததுண்டா?

ஜனவரி 17

சோதித்துப் பார்த்தேன். வீட்டில் பழைய பொன்னி இரண்டு படி மிச்சம் இருந்தது. இரண்டு அரிசியையும் தனித்தனியாக வடித்து, கஞ்சியை இரண்டு கண்ணாடி டம்ளரில் ஊற்றி, சலித்த மணலை ஒரு சிட்டிகை போட்டேன். பழைய அரிசிக் கஞ்சியில் இரண்டு எண்ணுவதற்குள் மணல் அடியில். புது அரிசிக் கஞ்சியில் பதினொன்று எண்ண வேண்டியிருந்தது.

இவ்வளவு மெதுவாக விழுகிற மணலை அதே ஓட்டம் அள்ளிக்கொண்டு போகும். குண்டான் இருந்தால் பிடித்துவைத்துக்கொள்ளும். குண்டான்தான் அநாவசியமாயிற்றே! மணல் முழுக்க வெளியேறும் குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். மெஷின் நின்றுபோகும், நாலு பேர் முன்னால்.

டம்ளரைக் கழுவி வைத்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு பாட்டு முணுமுணுத்துக்கொண்டே சமைத்தேன். "என்ன, குஷியா இருக்கே?" என்றார். பண்டிகை வாரம் என்றேன்.

பிப்ரவரி 4

தட்டைத் தள்ளினார். "இது சாதமா, களியா? ஒரு வேலை ஒழுங்காத் தெரியுமா உனக்கு?"

"புது அரிசி. குழையத்தான் குழையும். கஞ்சிகூடக் கெட்டியாத்தான் வரது."

"அரிசி மேல பழியப் போடு. மாவு அரைச்சவ மேல போடு. காஸ் கம்பெனி மேல போடு."

சொல்லிவிட்டேன். கணக்குக்கு ஒரு தடவை சொல்லியாயிற்று. இதற்குமேல் என்னை யாரும் குற்றம் சொல்ல முடியாது. அவர் காதில் விழவில்லை என்றால் அது அவர் காது.

பிப்ரவரி 11

இருபதாம் தேதி மெஷினை ஓட்டிக் காட்டுகிறார்கள். கல்லூரி முதல்வர், ஆராய்ச்சிக்குப் பணம் தருகிற கம்பெனியிலிருந்து மூன்று பேர், ஒரு பத்திரிகைக்காரர். சண்முகசுந்தரம் போனில் சொன்னார், பழைய அரிசி தீர்ந்துவிட்டதாம், வாரக் கடைசியில் புது மூட்டை இறங்குகிறதாம்.

ஒன்பது நாள்.

பிப்ரவரி 19

இதை எழுதத்தான் வேண்டும்.

கடைசி நாள் ஏற்பாடு என்று எல்லோரும் சமையற்கூடத்தில் இருந்தோம். பெயின்ட் அடிப்பதற்காக ஒரு வாரமாக மெஷினை நிறுத்திவைத்திருந்தார்கள். இன்றைக்கும் கஞ்சி விடவில்லை, வெறும் தண்ணீர் விட்டுச் சரிபார்த்தார்கள். மணல் அழகாக ஆடியது. தேவானை கை நிறைய கஞ்சியை வழித்துக்கொண்டு இவரிடம் வந்தாள். "சார், இத்தப் பாரு. புது அரிசி சார். கூழு மாரி கீது. உன் மெசினுல பூந்து போவுமா இது?"

"நீ உன் வேலையைப் பாரும்மா."

"இல்ல சார், சாக்கடையிலயே நேத்து அடைச்சிக்கிச்சு..."

"யாருப்பா இவங்களை இங்க விட்டது? அச்யுத்!"

அவள் திரும்பி என்னிடம் வந்தாள். கையை நீட்டினாள். கஞ்சி அவள் விரலிடுக்கில் சொட்டாமல் நின்றது. "நீ சொல்லும்மா. நீதான படம் போட்டே. உனுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று. முழு சமையற்கூடத்தில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

"சார் பாத்துப்பார் தேவானை" என்றேன்.

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். பிறகு கையை அண்டா விளிம்பில் வழித்துவிட்டுப் போய்விட்டாள்.

பிப்ரவரி 20, வியாழன், காலை

பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். மாம்பழக் கலர், கத்திரிப்பூ பார்டர். முன் வரிசையில் நிற்கப்போகிறேன். முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த மூஞ்சியை.

பிப்ரவரி 23

மூன்று நாளாக எழுத முடியவில்லை.

பத்தே முக்காலுக்கு கஞ்சியை விட்டார்கள். இவர் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷத்தில் வெளியேறும் குழாய்முனையில் மணல் கொட்ட ஆரம்பித்தது. முதலில் கொஞ்சம், பிறகு கொழகொழவென்று. பிறகு நின்றுபோயிற்று. அடைத்துக்கொண்டது. இவர் பேச்சை நிறுத்தினார். நான் எதற்காகப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேனோ அந்த முகம் வந்தது. பார்த்தேன். இரண்டு விநாடி பார்த்திருப்பேன்.

பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது. யாருக்கும் அணைக்கத் தோன்றவில்லை. கீழே பம்பிலிருந்து மெஷினுக்குப் போகிற ரப்பர் ஹோஸ் ஒரே கிளாம்பில் நின்றது, அது பிடுங்கிக்கொண்டது. தேவானை அங்கேதான் அண்டாவைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இரண்டு கையும், கழுத்தும், மார்பில் பாதியும்.

சுடுதண்ணீராக இருந்தால் வழிந்து ஓடியிருக்கும். கஞ்சி ஓடாது. ஒட்டிக்கொண்டு சுடும். அவள் கத்தியதைவிட, கையை உதறி உதறி அது போகாமல் இருந்ததுதான்... உதறினாள், உதறினாள். என்ன பண்றதுன்னே தெரியாம நின்னேன். பட்டுத் தலைப்பால துடைக்கப் போனேன், தோலும் சேர்ந்து வந்தது. ஐயோ பகவானே, தோலு வந்துது. பாய்தான் ஓடி வந்து பச்சைத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினார்.

ஒரே கிளாம்ப். ஜனவரி ஒன்பதாம் தேதியே பார்த்தேன். பத்தொன்பதாம் தேதியும் பார்த்தேன். இதை இங்கேயாவது எழுதிவைக்கிறேன். மணல் அடைக்கும், மெஷின் நிற்கும், மானம் போகும் என்பதுவரை யோசித்தேன். அடைத்தால் பம்பின் அழுத்தம் எங்கே போகும் என்று யோசிக்கவில்லையா? பட்டம் வாங்கினவள்தானே நீ? யோசிக்க வேண்டாம் என்று இருந்துவிட்டாய்.

பிப்ரவரி 27

ஆஸ்பத்திரிக்குப் போனேன், தனியாக. சாத்துக்குடி வாங்கிக்கொண்டு. அவளால் உரிக்க முடியாது என்பதுகூட வாசலில்தான் நினைவு வந்தது. இரண்டு கையும் மூட்டையாகக் கட்டியிருந்தது.

கேட்டுவிடுவாள் என்று படி ஏறும்போதெல்லாம் பயம். என்ன பதில் சொல்லலாம் என்று நாலு பொய் தயார் பண்ணி வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. "சாப்ட்டியாம்மா?" என்றாள்.

நாலு பொய்யும் கையிலேயே இருக்கிறது.

மார்ச் 2

கல்லூரியில் விசாரணைக் கமிட்டி. இவர் ஷரஃபுதீனைக் கைகாட்டிவிட்டார், கிளாம்ப் சரியில்லை என்று. பாய் இன்று வீட்டுக்கே வந்துவிட்டார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கிளாம்ப் ஒண்ணு போட்டது என் தப்பு. ஒத்துக்கறேன். ஆனா மணல் வெளிய வந்ததாலதான சார் அடைச்சுது? மேல குண்டான் இருந்தா வந்திருக்குமா? இதோ பாருங்க ஒரிஜினல் படம். குண்டான் கீது. எடுக்கச் சொன்னது யாரு?" ஜெராக்ஸ் தாளை மேஜைமேல் விரித்தார். என்னிடம் திரும்பினார். "நீங்க இருந்தீங்களே மேடம். சொல்லுங்க."

இவர் தாளைக் கையில் எடுத்தார். படத்தைப் பார்க்கவில்லை. மூலையைப் பார்த்தார். வ. ஜானகி. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"பாய், நீங்க போங்கோ. உங்க மேல தப்பு வராம நான் பார்த்துக்கறேன்" என்றார்.

மார்ச் 6

அறிக்கையைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். தமிழிலும் ஒரு பிரதி, சண்முகசுந்தரத்துக்காக. "மேற்படி கருவியின் வடிவமைப்பு: திருமதி ஜானகி ராஜகோபாலன். முறையான பணி அனுபவம் இல்லாத நிலையில், அவர் அளித்த வரைபடத்தை நம்பி..."

"பேர் வேணும்னியே. போட்டாச்சு. கீழே கையெழுத்துப் போடு."

காகிதத்தைத் தள்ளினேன். "வெட்டினது நீங்க. என் படத்துல குண்டான் இருக்கு. என் படப்படி பண்ணியிருந்தா ஒரு மணல் வெளில வந்திருக்காது. கமிட்டிகிட்ட நானே வந்து சொல்றேன்."

"சொல்லு. தாராளமா." நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். "குண்டான் இல்லேன்னா மணல் வெளில வரும்னு உனக்குத் தெரியும்?"

"தெரியும்."

"பழைய அரிசிக்கு வரலையே."

"புது அரிசிக்கு வரும். கஞ்சி கெட்டி."

"ஓ." நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இது உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

பொங்கல் பானை, இரண்டு டம்ளர், மாம்பழக் கலர் புடவை எல்லாம் என் முகத்தில் இருந்திருக்க வேண்டும். படித்துவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் என் முகத்தை உற்றுப் பார்த்துப் படித்தது அந்த ஒரு தடவைதான். முதலில் பயந்தார். நிஜமாகவே பயந்தார், கன்னம் வெளிறிப்போயிற்று. அப்புறம் மெல்ல, மெல்ல, சிரித்தார்.

"கமிட்டிக்கு வரியா? வா. இதே கேள்விய அவா கேப்பா."

பேனாவின் மூடியைக் கழற்றி, திறந்தே என் பக்கம் வைத்தார்.

மார்ச் 7

போட்டேன்.

மார்ச் 19

மைலாப்பூர் முழுக்கத் தெரிந்திருக்கிறது. மாட வீதியில் பூக்காரி வரைக்கும் கேட்கிறாள். மாமி ஒருத்தி கோயில் பிரகாரத்தில் நிறுத்திவைத்து "தெரியாத வேலையில எதுக்கு ஜானு தலையைக் குடுத்தே? அவர் பாவம், எவ்வளவு அவமானம்" என்றாள். அவர் பாவமாம். ஆமாம் மாமி, பாவம்தான் என்றேன்.

கோபம் வரவில்லை. வர வேண்டிய இடத்தில் தேவானையின் கட்டுப்போட்ட கை வந்து நிற்கிறது. அந்த அறிக்கையில் எழுதியிருப்பது பொய். ஆனால் என் பெயருக்குக் கீழே ஒரு குற்றம் எழுத வேண்டும் என்றால் இதைவிடப் பெரிசாக எழுதியிருக்க வேண்டும்.

ஏப்ரல் 24

புகைக்கூண்டை உயர்த்திக் கட்டியிருக்கிறார்களாம். குண்டானை மறுபடி வைத்துவிட்டார்கள். என் நோட்டையே எடுத்துப்போயிருக்கிறார், கேட்கவில்லை. மூன்று வாரமாகப் புது அரிசிக் கஞ்சியில் ஓடுகிறதாம், ஒரு மணல் மணிகூட வெளியே வரவில்லையாம், பசையேறின மணலை வாரம் ஒரு தடவை மாற்றினால் போதுமாம். அச்யுத் சொன்னான், தரையைப் பார்த்துக்கொண்டு.

ஜெயித்துவிட்டேன். யாரிடம் சொல்வது?

ஜூன் 9

பேட்டன்ட் விண்ணப்பம் போய்விட்டது. "மேற்பகுதியில் அகன்ற கலம்" என்பதுதான் அதன் முக்கியமான அம்சமாம். கண்டுபிடித்தவர்கள்: ராஜகோபாலன், அச்யுத். இரண்டு காகிதமும் ஒரே ஃபைலில் இருக்கின்றன, இதுவும் அந்த அறிக்கையும். ஒன்றில் அவர் பெயர், ஒன்றில் என் பெயர்.

ஃபைலை இருந்த இடத்திலேயே வைத்தேன். இவர் கேட்டார், "இந்த வாரத்துக்கு மணல் சலிச்சாச்சா?"

ஜூலை 3, வியாழன்

மணலைக் கொடுக்க மந்தைவெளிக்கு நானே போனேன். வழக்கமாக அச்யுத் வந்து எடுத்துப்போவான், அவனுக்குக் காய்ச்சல். வாசலில் வாட்ச்மேன் மறித்தார். "உங்கள மட்டும் உள்ள விட வேணாம்னு முதலாளி சொல்லிக்கீறாரும்மா. தப்பா எடுத்துக்காதீங்க. ஆள அனுப்பறேன்."

தேவானை வந்தாள்.

வேலைக்குத் திரும்பிப் பத்து நாளாகிறதாம். இனிமேல் அண்டா சாய்க்க முடியாது. காலையில் கஞ்சியைக் கரண்டியில் எடுத்து ஊற்றிப் பார்த்து, கெட்டியா தண்ணியா என்று சொல்ல வேண்டும். அதன்படிதான் பம்பைத் திறக்கிறார்களாம். இவர் போட்ட ஏற்பாடு. வலது கை விரல்கள் மூன்று ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போய்ச் சுருண்டிருக்கின்றன. கழுத்துத் தோல் இழுத்துக்கொண்டு தலை ஒரு பக்கமாகவே சாய்ந்திருக்கிறது.

எத்தனையோ சொல்ல நினைத்துக்கொண்டு போயிருந்தேன். நாலு மாசமாகச் சொல்லிச் சொல்லிப் பழகி வைத்திருந்தேன். அவள் கையைப் பார்த்ததும் எல்லாம் போய், "விரலைப் பிரிச்சு ஆபரேஷன் பண்ணலாமாம் தேவானை, நான் விசாரிச்சேன். தள்ளிப்போட்டா அப்புறம் பிரியாதாம். யார்கிட்டயாவது காட்டினியா?" என்று கேட்டேன்.

அவள் மணல் பையின் காதை இடது கையில் மாட்டிக்கொண்டாள். நிமிர முடிந்த அளவு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அன்றைக்குக் கஞ்சிக்கையை நீட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் பார்த்தாளே, அதே பார்வை.

"சார் பாத்துப்பாரும்மா" என்றாள்.

பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பத்து கிலோ, ஒற்றைக் கையில். வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினார். நான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். இன்னும் அரை மூட்டை சலிக்கப் பாக்கி இருந்தது, உட்கார்ந்து சலித்தேன்.